அவளைக் கேட்டதற்கு நான் சொன்ன பதில்

1

என் மனைவியிடம் ஒரு டாக்டர் கேள்வி கேட்டார். அதை நான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. என் மனைவியும் அந்த டாக்டரிடம் ஒன்று கேட்டாள். அதையும் நான் டாக்டருக்குச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நானே பதில் சொன்னேன். மறதியில் நடந்தது, அவசரத்தில் விட்டுப்போயிற்று என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த அறையில் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒரே ஆள் நான். புரிந்துகொண்டுதான் செய்தேன்.

அது நடந்தது இங்கிலாந்தில், போன ஐப்பசியில். இதை எழுதுவது சங்கரன்கோவிலில், என் மனைவி கோமதியின் அக்கா வீட்டு மாடியில். இரண்டு மாதமாக இங்கேதான் இருக்கிறோம். கடைவீதிக்குப் போனால் தெரிந்தவர்கள் நிறுத்தி, "எப்ப ஊருக்குப் போறீக?" என்று கேட்கிறார்கள். வந்திருப்பதே ஊருக்குத்தான் என்று முன்பெல்லாம் சொல்வேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வரவில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக்காரர் மகன். பாளையங்கோட்டையில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தேன். ஆப்பிரிக்காவில் சில வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அங்கிருந்து இங்கிலாந்து போய், ஒரு நகராட்சி அலுவலகத்தில் வீட்டுவரிப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். கோமதி இந்த ஊர்ப் பெண். பத்தாவது வரை இங்கே படித்தவள். அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் குஜராத்திப் பெண்களோடு வேலை பார்த்தாள். அவளுக்குக் குஜராத்தி சரளமாக வந்தது. ஆங்கிலம் வரவில்லை. தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் இதை ஒரு வேடிக்கையாக நான் எல்லோரிடமும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஓர் எம்.ஏ. வீட்டிலேயே இருந்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

2

முதலில் ரெக்கார்டிங் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் டாக்டர் முன்னால் போனை எடுத்து வைத்தால் வம்புக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அங்கே அப்படியில்லை. கோமதிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து முதல் ஆபரேஷன் ஆன சமயத்தில், அந்தப் பிரிவு நர்ஸ் தானாகவே சொன்னார்: "டாக்டர் பேசுவதை போனில் பதிந்துகொள்ளுங்கள். இங்கே கேட்டதில் பாதி, காரை நிறுத்தின இடத்துக்குப் போவதற்குள் மறந்துவிடும். இப்போது நிறைய நோயாளிகள் அப்படித்தான் செய்கிறார்கள்."

எங்கள் ஒரே மகள் சங்கரி ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். வேலை, இரண்டு பிள்ளைகள், எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் பயணம். "அம்மாவோட ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட்டையும் ரெக்கார்டு பண்ணி எனக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அது கோமதியின் வேலை ஆயிற்று. டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைப்பாள். பட்டனை அமுக்கிவிட்டு, டாக்டரைப் பார்த்து "ஓகே?" என்பாள். அந்த டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. சிரித்துக்கொண்டு "ஓகே" என்பார். அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்டது அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் என் வழியாகத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள், இலவசம், குடும்பத்தாரை வைத்துக்கொள்வதை நாங்கள் விரும்புவதில்லை. முதல் கடிதம் வந்த அன்றே போன் போட்டு, வேண்டாம், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது அவமானமாக இருந்தது. எம்.ஏ. படித்தவன் மனைவிக்கு இன்னொருவன் வந்து மொழிபெயர்த்துச் சொல்வதா?

வீட்டுக்கு வந்ததும் கோமதி பதிவை மகளுக்கு அனுப்புவாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். "கேட்டுட்டா" என்பாள் கோமதி. பிறகு ரசத்துக்குப் புளி கரைக்கும்போது அந்தப் பதிவைத் தானும் போட்டுக் கேட்பாள்.

"ஒரு வார்த்த புரியாம அப்பிடி என்னத்தக் கேக்க?" என்றேன் ஒரு நாள். வீட்டில் நாங்கள் இந்த ஊர்ப் பேச்சுத்தான்.

"புரியாட்டா என்ன. அந்தம்மா குரல் நல்லாருக்கு. எம்மேல அக்கறையாப் பேசுதா."

"அது அவுக தொழிலு."

"சரி, ஒண்ணு கேக்கேன். அவ இம்புட்டு நேரம் பேசுதா. நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிருதீகளே?"

"இங்கிலீஷ்ல வளவளன்னுதான் பேசுவாக. சாரம் ரெண்டு வார்த்தைதான் இருக்கும்."

"அந்தச் சாரத்த எடுக்கத்தான் எம்.ஏ. படிச்சீகளாக்கும்" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அப்போதே நான் குறைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. ஸ்கேனில், நோய் திரும்பி வந்து வேறு இடங்களுக்கும் பரவியிருந்தது தெரிந்திருந்தது. டாக்டர் தன் நாற்காலியைத் திருப்பி, என்னை விட்டுவிட்டு கோமதிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அன்று நான் எதைச் சொல்லாமல் விட்டேனோ அதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

"மறுபடி கீமோ மருந்து ஏற்றலாம். ஆனால் இது குணமாக்கும் என்று நான் சொல்ல முடியாது. கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடாமலும் போகலாம். ஏற்றுகிற மாதங்களில் சோர்வு அதிகம் இருக்கும், தூரப் பயணம் முடியாது. இன்னொரு வழி, மருந்து வேண்டாம் என்று விட்டுவிட்டு, வலி வராமல் பார்த்துக்கொள்வது. அப்படிச் செய்தால் அடுத்த சில மாதம் நீங்கள் ஓரளவு தெம்பாக இருக்க வாய்ப்பிருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் இருந்தால், போக வேண்டிய இடம் இருந்தால், அதற்கு இதுதான் நேரம். இரண்டு வழியில் எதுவும் தப்பில்லை. உங்களுக்கு எது முக்கியம்? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

கோமதி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொன்னேன்: "கொஞ்சம் மிச்சம் இருக்காம். திரும்ப மருந்து ஏத்தினாச் சரியாப் போயிரும்னு சொல்லுதாக."

"திரும்பவுமா?" என்றாள். "ஊருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்து ஏத்தக் கூடாதான்னு கேளுங்க. அக்காவ நேர்ல பாத்து வருசக்கணக்காச்சு. போன்ல ஒரு மாதிரிப் பேசுதா. எனக்கு என்னமோ பயமாருக்கு."

நான் டாக்டர் பக்கம் திரும்பி, "அவள் சிகிச்சை எடுத்துக்கொள்ளவே விரும்புகிறாள்" என்றேன். நல்ல ஆங்கிலத்தில், தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்.

டாக்டர் கோமதியையே பார்த்தார். "இவர் கேட்டது அதுதானா? நிச்சயமாகவா?" என்று என்னிடம் கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் தெரியுமா என்று சொல்லிச் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து கோமதியும் சிரித்தாள். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"என்ன சொன்னாக?" என்று கோமதி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் இப்பப் போகக் கூடாதாம். பங்குனிக்கப்புறம் பாத்துக்கிடலாம்னு சொல்லுதாக."

"சரி, அவுக சொன்னாச் சரிதான்" என்று போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

4

ஏன் அப்படிச் செய்தேன் என்று யாராவது கேட்டால் ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை. பயம் ஒரு காரணம். மருந்து வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம். மருந்து ஏறிக்கொண்டிருந்தால் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று நான் நம்பிக்கொள்ளலாம். நினைத்துப் பார்த்தால் அந்த மருந்து அவள் உடம்பில் ஏறியது என் தைரியத்துக்காகத்தான்.

இன்னொரு காரணம் இந்த ஊர்ப்பக்கம் நான் கற்றுக்கொண்டது. நான் கல்லூரி முடித்த வருடம் என் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ஐயா கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்று அப்பாவை அனுப்பிவிட்டு, என்னிடம் விஷயத்தைச் சொன்னார். "அவர்ட்டச் சொல்லாண்டாம். மனசு விட்டுருவாரு. நீ படிச்ச பையன், பாத்து நடந்துக்கோ" என்றார். வெளியே வந்தேன். அப்பா பெஞ்சில் தோள்துண்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னடே சொன்னாரு?" என்றார். "தொண்டையில புண்ணுப்பா. ஆறிரும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. அடுத்த மழைக்குப் பருத்தியா உளுந்தா என்று என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டே இருந்தார். பருத்தி என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும், "கடைசி வரைக்கும் அப்பனுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டான். பிள்ளைன்னா இவன்" என்றார்கள். வாழ்க்கையில் ஊரே என்னைப் பாராட்டியது அந்த ஒரு காரியத்துக்காகத்தான். அதையே கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாத மாதிரி எனக்காக நடித்தாரா என்று இந்த வருடம்தான் முதல்முறையாக யோசித்தேன்.

5

அந்தக் குளிர்காலம் முழுக்க மருந்து ஏறியது. தலைமுடி கொட்டியது. சோறு வாசம் பிடிக்காமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோமதி எழுந்து உட்கார்ந்து, சங்கரன்கோவிலுக்கு அக்காவைக் கூப்பிடுவாள். அக்கா பெயர் செண்பகம். கணவர் போன பிறகு மகன் வீட்டில் இருப்பவள். மகன் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்குப் பார்க்கிறான்.

ஐப்பசியில் அக்கா ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பாள், அவ்வளவுதான். தை மாதம், "கோமு, நம்ம அம்மா அங்கயா இருக்கா?" என்று கேட்டாள். அவர்கள் அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. மாசி கடைசியில், "யாரு பேசுதது?" என்றாள். கோமதி பெயரைச் சொன்னாள். "எந்தக் கோமு?" என்று அந்தப் பக்கம் கேட்டது. சங்கரன்கோவில் அம்மன் பெயரே கோமதிதான், அந்தப் பெயரில் ஆள் இல்லாத தெரு இந்த ஊரில் கிடையாது, அதனால் அப்படிக் கேட்கிறாள் என்று கோமதி என்னிடம் சமாதானம் சொன்னாள். பிறகு அக்காவின் மகன், "சித்தி, அம்மா போன வாங்க மாட்டேங்கா, பயப்படுதா" என்று சொல்லிவிட்டான்.

பங்குனியில் ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து நோயைக் கொஞ்சமும் தள்ளிப்போட்டிருக்கவில்லை.

அந்தச் செய்தி தெரிந்த வாரம்தான் எங்கள் மகள் பழைய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அதுவரை ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. நான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல, தூங்குதா."

"அக்டோபர் ரெக்கார்டிங் கேட்டேன்." அவள் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். அன்று போகவில்லை. "டாக்டர் அம்மாகிட்ட, யாரையாவது பாக்கணுமான்னு கேட்டாங்க. அம்மா, பெரியம்மாவைப் பாக்கப் போலாமான்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான்பா கேட்டாங்க. நடுவுல நீங்க இருந்தீங்க."

கையிலிருந்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டேன்.

"எம்மேலயும் தப்பு இருக்கு. அன்னிக்கே கேட்டிருந்தா உங்களை உடனே கூப்பிட்டிருப்பேன். தம்ஸ்-அப் போட்டுட்டு விட்டுட்டேன்." அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள. இல்லேன்னா நான் சொல்லுவேன். என் தமிழ்ல நான் சொன்னா இன்னும் மோசமா இருக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னேன். கோமதி சமையலறை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை வைத்து அந்தப் பதிவைப் போட்டேன். டாக்டர் ஒரு வாக்கியம் பேசியதும் நிறுத்தி, அதைத் தமிழில் சொன்னேன். அடுத்த வாக்கியம். அதைச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. என் குரல் வந்த இடத்திலும் நிறுத்தி, நான் ஆங்கிலத்தில் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்றேன். அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

நறுக்குவதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று கவனிக்கவில்லை.

"கடசியில அந்தம்மா கேட்டால்லா, அத இன்னொருக்கப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.

"இது எப்ப?"

"ஐப்பசியில."

"ஐப்பசியில அக்கா எங்கூடப் பேசிக்கிட்டுத்தான இருந்தா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பீன்ஸை எடுத்து அடுப்பில் போட்டாள். சாப்பிட்டோம். படுக்கப் போகும்போது சொன்னாள்: "அந்தம்மா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலல்லா. அவுககிட்ட ஒரு நாள் வாங்குங்க. நீங்க உள்ள வராண்டாம். வேற யாரையாவது வைக்கச் சொல்லுங்க."

6

முதல் கடிதத்தின் அடியில் அந்த வரியோடு இருந்த எண்ணுக்கு இப்போது நான் போன் போட்டேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்ல மூன்று பிரிவுகளுக்கு மாற்றினார்கள். எந்த மொழி என்றார்கள். தமிழ் என்றேன். உங்களுக்கா என்றார்கள். என் மனைவிக்கு என்றேன். இதுவரை யார் பேசினார்கள் என்று கேட்டார் ஒருவர். நான்தான் என்றேன்.

டாக்டரைப் பார்க்கிற நாளில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மேஜையில் ஒரு ஸ்பீக்கர் போன். அதன் வழியாக எங்கிருந்தோ ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பேசினாள். உள்ளே நடந்தது எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், அன்று சாயங்காலம் கோமதி அந்தப் பதிவைச் சமையலறையில் போட்டதுதான். என்னைக் கேட்கச் சொல்லவில்லை. எழுந்து போகச் சொல்லவுமில்லை.

"அம்மா, டொக்டர் கேக்கிறா, உங்களுக்கு என்ன விருப்பம் எண்டு."

"எங்க அக்காவப் பாக்கணும். மருந்து போதும். வலிக்கு மட்டும் குடுக்கச் சொல்லுங்க தாயி, நான் போயிட்டு வாரேன்."

அதை ஆங்கிலத்தில் அந்தப் பெண் சொன்னாள். ஒரு சொல் விடவில்லை. தாயி என்று கூப்பிட்டதைக்கூடச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டர் சிறிது நேரம் பேசினார்.

"டொக்டர் மன்னிப்புக் கேக்கிறா, அம்மா. முதலே இப்பிடி ஒரு ஆளைத் தானே ஒழுங்கு செய்திருக்க வேணும் எண்டு சொல்லுறா."

"அந்தம்மா என்ன பண்ணுவா. அவ எங்கிட்டத்தான கேட்டா."

என்னைப் பற்றி உள்ளே ஒரு பேச்சும் இல்லை. பதிவு முழுக்கக் காத்திருந்தேன். இல்லை.

7

வைகாசியில் வந்து சேர்ந்தோம். மதுரையிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் கோமதி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். முடி கொஞ்சம் முளைத்திருந்தது. அக்கா பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்றாள்.

செண்பகம் அக்கா முன்அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுத்தமாக உடுத்தி, திருநீறு பூசியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வாங்க, உக்காருங்க. யாருன்னு தெரியலையே?"

"அக்கா, நாந்தான் கோமு."

அக்கா மரியாதையாகச் சிரித்தாள். "கோமு சீமையிலல்லா இருக்கா. உங்களுக்கு அவளத் தெரியுமா? நல்லாருக்காளா?"

கோமதி பையைக் கீழே வைத்தாள். அக்காவின் மகன் ஏதோ சொல்ல வந்தான். கோமதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நல்லாருக்கா" என்றாள்.

"எப்ப வாராளாம்?"

"வாரேன்னு சொன்னா."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. எனக்கு இப்பக் கொஞ்சம் மறதியா இருக்கு. அவ வாரப்ப நான் மறந்துரக் கூடாதுல்லா."

நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இப்போது கோமதி நாள் முழுக்க அக்காவோடுதான் இருக்கிறாள். தலை சீவுகிறாள், மாத்திரை கொடுக்கிறாள், அவள் பசிக்கிறது என்றால் ஊட்டுகிறாள். அக்கா சில நாள் அவளை நர்ஸ் என்று நினைக்கிறாள். சில நாள் தெருக்காரி என்று நினைத்து, கோமுவைப் பற்றி அவளிடமே சொல்கிறாள். "அவ புருசன் பெரிய படிப்புக்காரன். நல்லா வச்சிருக்கான்" என்று அக்கா ஒரு நாள் சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன். கோமதி "உம்" கொட்டினாள்.

8

இந்த மாதம் கோமதிக்கு வயிற்றில் வீக்கம் கண்டது. இங்கே ஒரு டாக்டரிடம் போனோம். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், ஆட்டோ கிடைக்காமல் நடந்தே போனோம். டாக்டர் இங்கிலாந்துக் காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டு, கோமதியிடம், "அம்மா கொஞ்சம் வெளிய இருங்க. ஸார்ட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன்" என்றார்.

"நான் வெளிய இருக்கேன் டாக்டர். நீங்க அவகிட்டப் பேசுங்க" என்று எழுந்தேன்.

"இல்ல ஸார், நீங்கதான படிச்சவுக. உங்ககிட்டச் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

"நீங்க தமிழ்லதான பேசப் போறீக. அவளுக்கு என்னவிட நல்லாத் தமிழ் தெரியும்."

டாக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதற்குள் கோமதி போனை மேஜைமேல் வைத்திருந்தாள்.

"இது எதுக்கும்மா? கேஸு கீஸு போடப் போறீகளா?"

"கேஸெல்லாம் இல்ல டாக்டர். எம் மக கேக்கதுக்கு. நீங்க வேண்டாம்னா எடுத்துருதேன்."

"வையுங்க, வையுங்க" என்றார் டாக்டர், பாதி மனதோடு.

வெளியே பெஞ்சில் பக்கத்திலிருந்தவர், "உள்ள யாரு அண்ணாச்சி?" என்றார். வீட்டம்மா என்றேன். "ஒத்தையிலயா விட்டுட்டு வந்தீக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் மனைவியின் சீட்டை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் உள்ளே போக எழுந்து நின்றார்.

கோமதி வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. "வலி மாத்திரைய மாத்திக் குடுத்திருக்காரு" என்றாள். "ராத்திரி வலிக்குன்னு சொன்னேன்."

"ராத்திரி வலிக்கா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே." கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்றதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பிடுங்கவில்லை.

திரும்பிப் போகும் டிக்கெட் தேதி நெருங்கிவிட்டது. மகள் தினமும் கூப்பிட்டு, அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்கிறாள். அம்மாவைக் கேள் என்கிறேன். முந்தாநாள் கோமதியிடம் நானே கேட்டேன். திரும்பிப் போவோமா, இங்கேயே இருந்துவிடுவோமா, நீ சொல்கிறபடி செய்யலாம் என்றேன். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் நான் இதற்கு முன் கேட்டதில்லை. அவளுக்கும் அது புதிதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

நேற்றுக் காலை கடையநல்லூரிலிருந்து ஷாகுல் கூப்பிட்டார். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுக்கும் ஆபீஸ் வைத்திருப்பவர், எங்களுக்கும் அவர்தான்.

"அண்ணாச்சி, தேதிய மாத்தணும்னா இன்னைக்கே சொல்லிருங்க. நாளைக்குன்னா கூடக் கட்டணும்."

"வீட்டுல கேட்டுச் சொல்லுதேன் தம்பி."

"நீங்க சொன்னாப் போதும் அண்ணாச்சி."

"நான் சொன்னாப் போதாது. இருங்க, குடுக்கேன்" என்று கீழே போய் கோமதியிடம் போனைக் கொடுத்தேன்.

அவள் அக்காவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"தம்பி, எங்க ரெண்டு பேரு டிக்கெட்டும் ஒண்ணாத்தான போட்டிருக்கு? தனித்தனியாப் பிரிக்க முடியுமா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் முடியும் என்றிருக்க வேண்டும். "அப்ப அவுக டிக்கெட்டு அந்தத் தேதியிலயே இருக்கட்டும். என்னோடத கேன்சல் பண்ணிருங்க."

போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்காமல் நின்றேன்.

"போயி சங்கரி பக்கத்துல கொஞ்ச நாள் இருங்க. அவ ஒத்தையில அழுதுக்கிட்டுக் கெடக்கா. நான் இங்கன அக்காவோட இருக்கேன்."

"உன்ன இப்பிடி விட்டுட்டா? நானும் இங்கனயே இருக்கேன் கோமு."

"நீங்க பக்கத்துல இருந்தா எல்லாரும் உங்களப் பாத்தே கேக்காக" என்றாள். "முடியலன்னா நான் கூப்பிடுதேன். கூப்பிட்டா வாங்க."

எப்போது கூப்பிடுவாய் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா இட்லிக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். கோமதி அவள் பக்கம் திரும்பிவிட்டாள். சரி என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன். வந்தபோது இரண்டு பேர் துணிகளும் ஒரே பெட்டியில் வந்தன. அவளுடையதையெல்லாம் வெளியே எடுத்து, மடித்து, கட்டிலில் வைத்திருக்கிறேன்.